புளூட்டோவும் கள்ளிக்கோட்டைத் தெய்வமும்

பினாங்கில் ஆங்கிலப் பள்ளிகளிற் பயின்ற நம்மவர் பலர் புளூட்டோவின் கதையை அறிவர். ரோமானியர் புராணத்தில் அவன் பாதாள அரசன். ஏறக்குறைய நம் யமன். பூக்கொய்துகொண்டிருந்த புரோசர்ப்பினா என்னும் கன்னியை அவன் வலிந்து தூக்கிச் சென்றான் என்பது கதை.

ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் 1516ஆம் ஆண்டில் இரும்புத் தகட்டில் செய்த படமொன்றை இக்கதையாகவே அறிஞர் கொள்வர். தகட்டின்மேல் மெழுகுப் பூச்சிட்டு, ஊசியாற் கீறி, கீறிய இடத்தைத் திராவகம் அரிக்கவிட்டு, பின் மை தடவிக் காகிதத்தில் அழுத்தி எடுப்பது இம்முறை. போர்க்கவசங்களில் பூவேலை செய்தோரிடமிருந்து வந்த வித்தை இது. டூரர் இவ்வாறு செய்தவை ஆறே. ஒற்றைக் கொம்புடைய விலங்கு பாய்கிறது. அதன்மேல் ஆடையற்ற முரட்டு ஆடவன். அவன் பிடியில் திமிறும் பெண். அச்சந்தரும் படந்தான். ஆயினும் அவனுக்கு வாலுமில்லை, கோரைப் பல்லுமில்லை.

இதற்கு ஓராண்டு முன், 1515இல், அதே ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வேறொரு படம் அச்சாயிற்று. கள்ளிக்கோட்டைக்கு வந்துபோன வர்த்தேமா என்னும் இத்தாலியர் 1510இல் ரோமாபுரியில் வெளியிட்ட பயண நூலின் ஜெர்மன் பதிப்பில் அது உள்ளது. சாமூத்திரி மன்னரின் கோயில் உருவத்தை வர்த்தேமா பேய் என்றே எழுதினார். நான்கு கொம்பு, நான்கு பல், போப்பாண்டவர் அணிவதுபோன்ற மூவடுக்கு முடி, சேவற்கால்! அதை மரக்கட்டை அச்சுக்கு வரைந்த ஜோர்க் பிரோய் இந்தியாவைக் கண்டவரல்லர். தம் நாட்டார் நரகத்துக்கு எழுதிவந்த சாத்தானையே அரியணையில் அமர்த்தி, மனித உயிரை விழுங்க வைத்தார். வர்த்தேமா அவ்வுருவுக்கிட்ட பெயர் ‘தெவுமோ’. ‘தெய்வம்’ என்ற சொல்லே அவர் செவியில் அப்படி விழுந்தது போலும்.

உருவ வணக்கம் தகுமா என்பது வேறு வழக்கு. புளூட்டோவும் கிறிஸ்தவருக்குப் பொய்த்தெய்வந்தானே. அவனுக்கு மட்டும் ஏன் மனித உரு? புளூட்டோவைக் கும்பிட அப்போது ஆளில்லை என்பதே காரணமென நாம் கருதுகிறோம். அவன் கோயில்கள் அவிந்து ஆயிரம் ஆண்டுகள் கடந்திருந்தன. ஆதலால் அவன் ஓவியர்க்கும் புலவர்க்கும் பொதுச்சொத்தானான். கள்ளிக்கோட்டையிலோ விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

டூரருக்கு மற்றொரு வாய்ப்பும் கிட்டியது. 1520இல் பிரஸ்ஸல்ஸ் நகரில், மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின் அரசருக்கு வந்த பொன்வேலைகளை அவர் நேரிற் கண்டார். தம் வாழ்நாளில் இவைபோல் உள்ளத்தை மகிழ்வித்தவை வேறில்லை என்று நாட்குறிப்பில் எழுதி, அந்நாட்டாரின் நுண்ணறிவை வியந்தார். அவற்றைச் செய்தோரும் உருவங்களை வணங்கியவரே. பிரோயின் பேயோ, பின்னர் மூன்ஸ்டரின் உலக வருணனை நூலிலும் இடம்பெற்று, இந்தியாவைக் காணாதார்க்கு இந்தியாவாயிற்று.