முதுகெலும்பும் குடும்ப வரலாறும்

1809ஆம் ஆண்டில் பெங்களூரில் ஆங்கிலேயர் படைவீடு அமைத்தபோது, சென்னைப் படையோடு வந்து அல்சூர்ப் பக்கம் குடியேறிய தமிழர் பலர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டு வரையில் ரயில் பாதை திறந்தபின் வரவு பெருகிற்று. பிறகு ஆலைகளுக்கும், இன்று கணினித் தொழிலுக்குமாக வந்துகொண்டே இருக்கிறோம். மொழியையும் வழிபாட்டையும் உடன் கொண்டுவந்த நாம் ஒன்றைமட்டும் ஊரிலேயே விட்டு வந்தோம். அது நம் முன்னோரின் நோய் வரலாறு. அதன் மதிப்பை ஒரு நோயின் கதையால் அறியலாம்.

அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் எனப்படும் முதுகெலும்பு வாதம் பெரும்பாலும் 45 வயதுக்குள் தொடங்குவது. பின்னிரவில் இடுப்பு வலிக்கும். காலையில் முதுகு விறைத்து நிற்கும். ஓய்வால் தணியாத வலி, நடமாடினால் தணியும். கவனியாது விட்டால், சிலருக்கு எலும்புகள் ஒன்றோடொன்று கூடி முதுகு வளையாமற் போகும்.

1690களில் பெர்னார்ட் கானர் என்ற ஐரிஷ் மருத்துவர் இவ்வாறு ஒரே எலும்பாக இறுகிய கூடு ஒன்றை விவரித்தார். 1893க்கும் 1898க்கும் இடையில் ரஷ்யாவில் பெக்தெரெவ், ஜெர்மனியில் ஸ்ட்ரூம்பெல், பிரான்சில் பியர் மாரி ஆகியோர் நோயை வரையறுத்தனர். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வருவதை, 1950களிலும் 1960களிலும் உறவினரைச் சோதித்த அறிஞர்கள் கண்டனர். காரணம்மட்டும் புலப்படவில்லை.

1973இல் விடை கிடைத்தது. லண்டனில் பிரூவர்ட்டன் குழுவினர் 75 நோயாளிகளைச் சோதித்ததில் 72 பேரிடம் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபுக் குறி இருந்தது. நோயற்ற 75 பேரில் மூவரிடமே அது இருந்தது. நோயாளிகளின் நெருங்கிய உறவினர் 60 பேரில் 31 பேரிடம், அதாவது ஏறக்குறையப் பாதிப்பேரிடம், அதே குறி காணப்பட்டது. அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸிலும் இம்முடிவு வெளியாயிற்று. பெற்றோருள் ஒருவரிடம் இக்குறி இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு அது வரக்கூடும் என்ற மரபு விதிக்கு இது ஒத்தது.

இதனால் அஞ்ச வேண்டியதில்லை. குறி உடையோருள் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. குடும்பத்தில் எவருக்கும் இல்லாதவருக்கும் அது வரலாம். இரத்தச் சோதனை முடிந்துவிட்டால் குடும்பக் கதை புதிதாகச் சொல்வது குறைவே. ஆனால் அச்சோதனையை யாருக்குச் செய்வது என்று தெரிய வேண்டுமன்றோ? முதுகுவலி எல்லோருக்கும் வருவது. எக்ஸ்ரே படத்தில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். அந்தத் தொடக்க காலத்தில் குடும்ப வரலாறே மருத்துவருக்கு வழிகாட்டி. 2009இல் வகுக்கப்பட்ட அனைத்துலக அளவைகளிலும் அதற்கு இடம் உண்டு.

ஆகவே பெங்களூர் மருத்துவர் கேட்கும் கேள்விக்கு விடை வேலூரிலோ திருநெல்வேலியிலோ இருக்கிறது. குலம் தந்தைவழி எண்ணப்படலாம். இக்குறி தாய்வழியும் வரும். பெரியப்பாவைப் போலவே தாய்மாமனையும் நினைவுகூர வேண்டும். இளமையிலேயே கூன் விழுந்தவர் யார்? கண் சிவந்து வலித்துப் பார்வை மங்கி, அடிக்கடி துன்புற்றவர் யார்? கண்ணின் உள் அழற்சியும் இக்குறியோடு தொடர்புடையதே.

இவற்றை அறிந்த பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது கேட்டு எழுதி வைத்துக்கொள்வோம். வலியோடு எழும் நம் பிள்ளைக்கு அந்த ஒரு தாள் பல ஆண்டுத் துன்பத்தைக் குறைக்கக்கூடும்.