கல்லூரிக்குத் திரும்பிய படைவீரர்
அமெரிக்க நாட்டின் 1944ஆம் ஆண்டுச் சட்டமும் வயது வந்த மாணவரின் அன்றாட வாழ்வும்

முன்னுரை

கல்லூரி இளையோருக்குரிய இடம் என்னும் எண்ணம் நம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. பதினேழு பதினெட்டு வயதில் நுழைந்து, இருபது இருபத்தொன்றில் பட்டத்துடன் வெளியேறுவதே முறையெனக் கொள்ளப்படுகிறது. இடையில் படிப்பை விட்டுப் பிழைப்புக்குச் சென்றவரோ, மணமுடித்து மக்களைப் பெற்றவரோ மீண்டும் வகுப்பறைக்கு வருவாராயின், அவரைச் சிலர் வியப்புடனும் சிலர் இரக்கத்துடனும் நோக்குகின்றனர். அவருக்கு இடமளிப்பது கல்லூரியின் பெருந்தன்மை என்று கருதுவோரும் உளர்.

இவ்வெண்ணம் ஒரு நாட்டில் மிகப் பேரளவில் சோதனைக்குள்ளான காலம் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருபத்திரண்டு இலட்சம் முன்னாள் படைவீரர்கள் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சேர்ந்து பயின்றனர். அவர்களை அங்கே கொண்டு சேர்த்த சட்டம் யாது, அவர்களுடைய அன்றாட வாழ்வு எவ்வாறிருந்தது, அக்கதவு யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறவாமற்போயிற்று என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

1. சட்டம் பிறந்த சூழல்

முதல் உலகப் போரில் பணியாற்றியோருக்கு 1945இல் வழங்குவதாகக் கூறப்பட்டிருந்த ஊக்கத்தொகையை முன்னதாகவே தரவேண்டும் எனக் கோரி, 1932இல் பல்லாயிரம் முன்னாள் வீரர்கள் தலைநகரான வாஷிங்டனில் வந்து கூடினர். நாட்டைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி வாட்டிய காலம் அது. மனைவி மக்களுடன் குடிசையிட்டுத் தங்கியிருந்த அவர்களை அவ்வாண்டு ஜூலைத் திங்களில் அரசு தன் படையைக் கொண்டே விரட்டியது, குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவர்மீது நாட்டின் படையே ஏவப்பட்ட அக்காட்சி மக்கள் மனத்தில் ஆறாத வடுவாய் நின்றது.

இரண்டாம் உலகப் போரில் சீருடை அணிந்தோர் ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது இலட்சம் பேர். இவர்கள் அனைவரும் ஒருசேரத் திரும்பி வேலை தேடினால் நாடு மீண்டும் வீழ்ச்சியுறுமோ என்னும் அச்சம் ஆட்சியாளரைப் பற்றியிருந்தது. அமெரிக்க லீஜியன் என்னும் முன்னாள் வீரர் சங்கத்தைச் சேர்ந்த ஹாரி கோல்மரி என்னும் வழக்கறிஞர், 1943ஆம் ஆண்டின் இறுதியில் வாஷிங்டன் நகர விடுதி ஒன்றில் அமர்ந்து ஒரு சட்ட முன்வரைவைக் கையால் எழுதினார். வேலையற்றோர் உதவி, வீட்டுக்கடன் உறுதி, கல்வி உதவி ஆகிய மூன்றும் அதில் அடங்கின. 1944ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் குடியரசுத் தலைவர் ரூசவெல்ட் அதில் கையொப்பமிட்டார். ‘ஜி.ஐ.’ என்பது அந்நாட்டில் சாதாரணப் படைவீரனைக் குறிக்கும் பேச்சுவழக்கு. ஆகவே மக்கள் இச்சட்டத்தை ‘ஜி.ஐ. பில்’ என்றே வழங்கினர்.

2. இருபத்தைந்து வயது என்னும் எல்லை

சட்டத்தின்படி, தொண்ணூறு நாள்களுக்குக் குறையாமல் பணியாற்றிய வீரருக்கு ஓராண்டுக் கல்வியும், அதன்மேல் அவர் பணியாற்றிய காலத்திற்கு ஈடான கல்வியும், ஆக மொத்தம் நான்கு ஆண்டுகள் வரை கிடைக்கும். கட்டணம், நூல்கள் முதலியவற்றுக்கென ஆண்டுக்கு 500 டாலர் வரை அரசே கல்லூரிக்குச் செலுத்தும். மாணவரின் பிழைப்புக்கெனத் தனியராயின் திங்களுக்கு 50 டாலரும், அவரைச் சார்ந்தோர் உண்டெனில் 75 டாலரும் அளிக்கப்படும்.

ஆயினும் இதில் ஒரு வரம்பு இருந்தது. படையில் சேர்ந்தபோது இருபத்தைந்து வயதைத் தாண்டாதவருடைய கல்வி போரினால் தடைப்பட்டதாகச் சட்டமே கொள்ளும். அவ்வயதைத் தாண்டியவரோ தம் கல்வி தடைப்பட்டதை மெய்ப்பிக்க வேண்டும்; இயலாதெனில் ஓராண்டு மீள்பயிற்சியோடு அமைய வேண்டும். இருபத்தைந்துக்குமேல் ஒருவன் கற்க விரும்புவது இயல்பன்று என்னும் கருத்தே இவ்வரம்பின் அடியில் கிடந்தது. 1945 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் இவ்வரம்பை நீக்கியது. உதவித்தொகையையும் 65, 90 டாலர்களாக உயர்த்தியது. எண்ணிக்கையில் பெரிதாகத் தோன்றாத இத்திருத்தம், கருத்தளவில் பெரியது. கற்பதற்கு வயதில்லை என்பதை ஓர் அரசு தன் சட்டநூலில் ஏற்றுக்கொண்டது எனலாம்.

3. அறிஞர்களின் ஐயம்

இச்சட்டத்தைக் கல்வியாளர் அனைவரும் வரவேற்றனர் என்று எண்ணலாகாது. சிக்காகோ பல்கலைக்கழகத் தலைவர் இராபர்ட் ஹட்சின்ஸ், கல்லூரிகள் பணத்தாசையால் தகுதியற்றோரையும் சேர்த்துக்கொண்டு, வேலையற்றோர் தங்கும் சாவடிகளாய் மாறிவிடும் என்று 1944 டிசம்பரில் எழுதினார். தகுதியுடையோரைத் தேர்ந்தெடுக்கச் சட்டத்தில் வழியில்லையே என்று ஹார்வர்டு தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் வருந்தினார். மறுபுறம், படைவீரர்கள் கல்வியை நாடவே மாட்டார்கள் என்று 1945இல் பெயர்பெற்ற இதழ் ஒன்று அறிவித்தது.

இரண்டு கணிப்புகளும் பொய்த்தன. 1945இல் கல்லூரிகளில் இருந்த முன்னாள் வீரர்கள் ஏறத்தாழ 88,000 பேரே. அடுத்த ஆண்டில் அவ்வெண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. 1947இல் பதினொன்றரை இலட்சமாயிற்று. அவ்வாண்டு அமெரிக்கக் கல்லூரி மாணவருள் ஏறத்தாழப் பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். அவர்கள் ஊன்றிப் படித்தனர். தேர்வுகளில் தம்மினும் இளையோரை விஞ்சினர். வகுப்பின் சராசரி மதிப்பெண்ணை உயர்த்திவிடுகிறார்கள் என்று இளைய மாணவர் அவர்களைக் கடிந்து பட்டப்பெயர் சூட்டியதும் உண்டு. ஹார்வர்டு கண்ட மாணவருள் இவர்களே முதிர்ச்சியும் நம்பிக்கையும் மிக்கவர் எனப் பின்னர்க் கோனன்ட் மனமாரக் கூறினார்.

4. அன்றாட வாழ்வு

இம்மாணவரின் நாள் எவ்வாறு கழிந்தது? முதற் சிக்கல் தலைசாய்க்க இடம். கல்லூரி விடுதிகள் மணமாகாத இளைஞருக்கென்றே கட்டப்பட்டவை. மணம் செய்துகொண்ட மாணவன் கல்லூரியைவிட்டு விலக வேண்டும் என்ற விதியும் போருக்கு முன் பல இடங்களில் இருந்தது. இப்பொழுதோ மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் மாணவர் வந்து நின்றனர். போர்க்காலத்தில் எழுப்பிய மரக் கொட்டகைகளையும், அரைவட்ட வடிவான தகரக் கூடாரங்களையும் அரசு பெயர்த்துக் கல்லூரி வளாகங்களில் நிறுத்தியது. மோட்டார் வண்டியால் இழுத்துச் செல்லும் சிறு வீடுகள் வரிசைவரிசையாய் நின்றன. உடற்பயிற்சிக் கூடங்களில் கட்டில்கள் இடப்பட்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகம் வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றன் குடியிருப்பைத் தன் மாணவருக்கென ஏற்றது. அது மாடிசன் நகர வளாகத்திலிருந்து ஏறத்தாழ 35 மைல் தொலைவிலிருந்தது. மாணவர் நாள்தோறும் பேருந்தில் வந்து சென்றனர்.

இவ்வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. அடுத்த வீட்டுக் குழந்தை அழுதால் இந்த வீட்டு மாணவன் புத்தகத்தை மூடவேண்டியதுதான். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் பொதுவிடங்களே பல குடியிருப்புகளில் இருந்தன. குழந்தைத் துணிகள் காயும் கொடிகளுக்கிடையே பாடநூலைக் கையில் ஏந்தி நடந்த தந்தையரின் படங்கள் அக்கால இதழ்களில் வெளியாயின.

இரண்டாவது சிக்கல் பணம். விலைவாசி உயர்ந்துகொண்டே சென்றது. 90 டாலரைக்கொண்டு குடும்பம் நடத்துவது கடினம். அக்காசோலையும் காலந்தாழ்ந்து வந்தது என்பது எங்கும் எழுந்த முறையீடு. மனைவியர் அலுவலகங்களில் தட்டெழுதியும் கடைகளில் விற்பனை செய்தும் குறையை நிரப்பினர். இரவில் கணவரின் கட்டுரைகளையும் தட்டெழுதித் தந்தனர். கணவரைப் படிக்கவைத்தவர் என்னும் பொருளில் இம்மனைவியருக்கு விளையாட்டாக ஒரு சான்றிதழ் வழங்கும் வழக்கம் சில கல்லூரிகளில் தோன்றியது. அதனைப் பெற்ற பெண்களுள் எத்தனை பேர் உண்மையான பட்டத்தை விரும்பியிருந்தனர் என்று எவரும் வினவவில்லை.

மூன்றாவது சிக்கல் வகுப்பறை. பெயர்ப்பதிவுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். படையில் வரிசைக்குப் பழகியவர்களாதலால் இதனை நகைத்துப் பொறுத்தனர். காலை விடிந்ததும் தொடங்கிய வகுப்புகள் இரவுவரை நீண்டன. சிக்காகோ நகரின் கடற்படைத் துறையில் இல்லினாய் பல்கலைக்கழகம் 1946இல் ஒரு கிளையைத் திறந்தது. மெதடிஸ்ட் சபையினர் தோற்றுவித்த சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில், ட்ரூ இறையியல் கல்லூரியில் பயின்றவரான தலைவர் வில்லியம் டாலி வந்தவரையெல்லாம் ஏற்றார்; மாணவர் தொகை ஏறத்தாழ மூன்று மடங்காயிற்று.

முதலாண்டு மாணவன் அணியவேண்டிய சிறு தொப்பியை அணிய இவர்கள் மறுத்தனர். மூத்த மாணவர் இளையோரை ஏய்க்கும் பழக்கமும் இவர்களிடம் செல்லவில்லை. கடற்கரைகளில் தோழர் மடியக் கண்டவரைப் பத்தொன்பது வயது மூத்த மாணவன் எவ்வாறு ஏய்ப்பான்? ஆசிரியர் கூறியதை அப்படியே எழுதிக்கொள்ளும் பழக்கமும் மாறியது. பொருளியல் ஆசிரியர் வறுமையைப் பற்றிப் பேசினால் அதனை உண்டு வளர்ந்தவர் வகுப்பிலிருந்தார். ஐரோப்பிய வரலாற்றைப் பேசினால் அந்நகரங்களின் இடிபாடுகளில் நடந்தவர் இருந்தார். கற்பிப்போரும் கற்க வேண்டியதாயிற்று.

5. திறவாத கதவுகள்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் கூறாதுவிடின் உண்மைக்குப் பிழை செய்தவராவோம்.

சட்டத்தின் சொற்களில் நிறவேறுபாடு இல்லை. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு மாநிலங்களிடமும் உள்ளூர் அலுவலரிடமும் இருக்கவேண்டும் என்பதில் மிசிசிப்பி மாநில உறுப்பினர் ஜான் ராங்கின் உறுதியாயிருந்தார். முன்னாள் வீரர் சட்டங்களை ஆயும் குழுவின் தலைவர் அவரே. தென் மாநிலங்களில் வெள்ளையர் கல்லூரிகள் கறுப்பின மாணவரை ஏற்கவில்லை. கறுப்பினத்தவருக்கெனத் தனியே இருந்த கல்லூரிகளோ சிறியவை. விடுதியும் ஆய்வுக்கூடமும் போதாதவை. இடமின்மையால் அவை ஆயிரக்கணக்கானோரைத் திருப்பியனுப்பின. ஒரே போரில் ஒரே கொடியின்கீழ்ப் பணியாற்றியவருள் ஒருவருக்குப் பல்கலைக்கழகமும் மற்றவருக்குக் காத்திருப்போர் பட்டியலும் கிடைத்தன.

பெண்கள் நிலையும் எண்ணத்தக்கது. முன்னாள் வீரருக்கு முன்னுரிமை தந்த கல்லூரிகள் பல, பெண்களுக்குரிய இடங்களைக் குறைத்தன. 1940இல் இளங்கலைப் பட்டம் பெற்றோருள் நூற்றுக்கு 41 பேர் பெண்கள். 1950இல் 24 பேரே. பட்டம் பெற்ற பெண்களின் தொகை வளர்ந்தது உண்மையே. ஆயினும் கதவு அகன்ற வேகத்தில் அவர்கள் உள்ளே செல்ல இயலவில்லை.

6. மிசிசிப்பி மாநிலத்தார் மூவர்

இவ்விருபக்கமும் ஒரே மாநிலத்தைச் சேர்ந்த மூவர் வாழ்வில் தெளிவாய்த் தோன்றுகின்றன.

வில் கேம்பெல் 1924இல் பிறந்த வெள்ளையர். பதினேழு வயதிலேயே பாப்டிஸ்ட் சபைப் போதகராக அருட்பொழிவு பெற்றவர். கல்லூரிப் படிப்பை விட்டுப் படையில் சேர்ந்து பசிபிக் தீவுகளில் மருத்துவப் பணியாளராய் இருந்தார். போருக்குப்பின் மணமுடித்து, வேக் ஃபாரஸ்ட் கல்லூரியிலும், பின் யேல் இறையியல் கல்லூரியிலும் பயின்று 1952இல் இறையியல் பட்டம் பெற்றார்.

மெட்கர் எவர்ஸ் 1925இல் பிறந்த கறுப்பினத்தவர். உயர்நிலைப் பள்ளியை முடிக்குமுன்னரே படையில் சேர்ந்து பிரான்சில் பணியாற்றினார். 1946இல் வாக்களிக்கச் சென்ற அவரையும் தோழரையும் ஆயுதமேந்திய வெள்ளையர் திருப்பியனுப்பினர். அவர் விட்ட பள்ளிப்படிப்பை முடித்து, 1948இல் கறுப்பினத்தவருக்கான ஆல்கார்ன் கல்லூரியில் சேர்ந்து 1952இல் பட்டம் பெற்றார்.

இவ்விருவர் பாதைகளும் 1954இல் மிசிசிப்பி பல்கலைக்கழக வாயிலில் சந்தித்தன. சட்டக்கல்வி பயில எவர்ஸ் அனுப்பிய விண்ணப்பம் மறுக்கப்பட்டது. அதே ஆண்டில் கேம்பெல் அப்பல்கலைக்கழகத்தின் சமயப்பணி இயக்குநராய் அமர்ந்தார். இனப்பிரிவினையை அவர் எதிர்த்தமையால் மிரட்டல்கள் எழுந்தன. 1956இல் அப்பதவியை விட்டு நீங்கினார். 1957இல் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் பள்ளிக்குச் சென்றபோது உடன் நடந்தவருள் அவரும் ஒருவர்.

மூன்றாமவர் ஜேம்ஸ் மெரிடித். ஒன்பது ஆண்டுகள் வான்படையில் பணியாற்றித் திரும்பிய இக்கறுப்பினத்தவர், எவர்ஸ் துணைநிற்க வழக்காடி, 1962 அக்டோபர் முதல் நாள் அதே பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 29. மணமாகி ஒரு குழந்தைக்குத் தந்தை. முந்தின இரவு மூண்ட கலகத்தில் இருவர் உயிரிழந்தனர். காவலர் புடைசூழவே அவர் வகுப்புக்குச் சென்று, 1963 ஆகஸ்டில் பட்டம் பெற்றார். எவர்ஸ் அதனைக் காண உயிருடன் இல்லை. அவ்வாண்டு ஜூன் 12ஆம் நாள் தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

முடிவுரை

1944ஆம் ஆண்டுச் சட்டத்தின் கல்விப்பகுதி 1956 ஜூலையில் நிறைவெய்தியது. கல்லூரிக்குச் சென்றோரையும் தொழிற்பயிற்சி பெற்றோரையும் சேர்த்து எழுபத்தெட்டு இலட்சம் பேர் அதனால் பயனடைந்தனர்.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவன இரண்டு. முதலாவது, வயது வந்த மாணவர் கல்லூரியின் தரத்தைத் தாழ்த்துவர் என்னும் அச்சத்திற்கு அடிப்படையில்லை. அவர் கொண்டுவரும் குடும்பச் சுமை உண்மையே. அச்சுமையினூடே அவர் பெற்ற அறிவும் உண்மையே. அவருக்கு வேண்டியவை தங்க வீடு, காலத்தில் வரும் உதவித்தொகை, துணைவியும் மதிக்கப்படும் சூழல் ஆகியனவே. இவையின்றி ‘வருக’ என அழைப்பது பாதி அழைப்பே.

இரண்டாவது, சட்டத்தில் எழுதிய சொல் கதவைத் திறக்கப் போதாது. வாயிலில் நிற்போர் மனம் வைத்தாலன்றி அது திறவாது. வயது வரம்பை ஒரு திருத்தத்தால் நீக்கிய நாட்டுக்கு நிறவரம்பை நீக்க ஒரு தலைமுறையும் உயிர்ப்பலியும் தேவைப்பட்டன.

பல்லாண்டு ஊர்ச்சபைகளில் உபதேசியாராய் உழைத்தபின் இறையியல் பயில வருவோர் உண்டு. பிள்ளைகள் வளர்ந்தபின் படிப்பைத் தொடர விழையும் பெண்கள் உண்டு. முதல் தலைமுறையாய்க் கல்வி பெற்று, வறுமையால் இடையில் நிறுத்தி, மீண்டும் விண்ணப்பிப்போர் உண்டு. அவர்களுடைய விண்ணப்பங்கள் நம் சேர்க்கைக் குழுக்களின் மேசைமீது வைக்கப்படும்பொழுது, அவர்களது வயதுக்கு எதிரே நாம் எதனை எழுதுகிறோம் என்பதை நம்மை நாமே கேட்டுக்கொள்வது நன்று.