மரம் நட்டா மட்டும் போதுமா? பேராக்கில் சுழலும் கார்பன்

ஈப்போவைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளிலும் கார்பன் இருக்கிறது. நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரங்களிலும் கார்பன் இருக்கிறது. ஆனால் மலையில் அது கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடைபட்டுக் கிடக்கிறது. மரத்திலோ சில பத்து ஆண்டுகள்தான். இந்த வித்தியாசம் பிடிபட்டால் பருவநிலை மாற்றம் பாதி புரிந்துவிடும்.

கார்பன் சுழற்சி என்றால் என்ன?

இலைகள் சூரிய ஒளியைக் கொண்டு காற்றிலுள்ள கரியமிலவாயுவை உள்வாங்குகின்றன. அந்தக் கார்பனை வைத்துத்தான் மரம் தன் கட்டை, வேர், பால் எல்லாவற்றையும் உருவாக்குகிறது. இலை மக்கினாலும் விறகு எரிந்தாலும் கார்பன் மீண்டும் காற்றுக்கே போகும். இது வேகமான சுழற்சி.

மெதுவான சுழற்சியும் ஒன்று உண்டு. கடல் உயிரினங்களின் ஓடுகள் அடியில் படிந்து, இறுகிப் பாறையாகும். கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்பு மலைகள் அப்படி உருவானவைதான். கல்லுமலை முருகன் கோயிலை ஒட்டிய பாறையும் இதே வகை. இவற்றின் வயது 25 கோடி ஆண்டுகளுக்கும் மேல். நிலக்கரியும் பெட்ரோலியமும்கூட இப்படிப் புதைந்த பழைய கார்பன்தான்.

ரப்பர் எந்தச் சுழற்சி?

கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டது 1877-இல். பாலிலிருந்து கிடைக்கும் தூய ரப்பரின் எடையில் சுமார் 88% கார்பன். அத்தனையும் காற்றிலிருந்து மரம் எடுத்தது. பால் குறைந்ததும், 25 முதல் 30 ஆண்டுகளில் மரத்தை வெட்டிவிடுவார்கள். கட்டையை எரித்தால் கார்பன் உடனே காற்றுக்குத் திரும்பும். மேசை, நாற்காலி செய்தால் இன்னும் சில ஆண்டுகள் தங்கும்.

செயற்கை ரப்பர் அப்படியில்லை. அது பெட்ரோலியத்திலிருந்து வருவது. உங்கள் மோட்டார் டயரில் பெரும்பாலும் இரண்டும் கலந்திருக்கும்.

மனிதர்கள் எதை மாற்றினோம்?

புதைந்திருந்த கார்பனை வேகமாக வெளியே எடுத்துவிட்டோம். சிமெண்ட் செய்யச் சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகிறார்கள். தூய கல் 1,000 கிலோ என்றால், அதிலிருந்து மட்டும் சுமார் 440 கிலோ கரியமிலவாயு வெளியேறும். சூளைக்குப் போடும் எரிபொருளின் புகை தனிக் கணக்கு. மஞ்சோங் கடற்கரையிலுள்ள மின் நிலையம் நிலக்கரியில் ஓடுகிறது. நம் வண்டிகள் பெட்ரோலில் ஓடுகின்றன.

தொழிற்புரட்சிக்கு முன்பு, காற்றின் 10 லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 கரியமிலவாயுவாக இருந்தன. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைப்பதால் பூமி சூடாகிறது.

அப்போ, மரம் நட்டா சரியாயிடுமா?

உதவும், ஆனால் போதாது. நாம் வெளியேற்றுவதில் ஏறக்குறைய பாதியைக் காடுகளும் கடலும் உள்வாங்குகின்றன. மீதி காற்றிலேயே தங்கிவிடுகிறது. காட்டை அழித்துத் தோட்டம் போட்டால், காட்டில் இருந்த கார்பன் முழுவதும் அந்தத் தோட்டத்துக்குத் திரும்பாது. அதனால் இருக்கும் காட்டைக் காப்பது முதல் வேலை. தைப்பிங் அருகே மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் 1902 முதல் முறையான பராமரிப்பு நடக்கிறது. அங்கே கரிக்காக வெட்டிய இடத்தில் மரம் மீண்டும் வளர்வதற்கு 30 ஆண்டு அவகாசம் தரப்படுகிறது.

ஆனால் பாறையிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வெளியேறிய கார்பன் மறுபடி பாறையாக மாற பல லட்சம் ஆண்டுகள் ஆகும். எந்த மரமும் அவ்வளவு காலம் அதைத் தாங்கி நிற்காது. ஆகவே மரம் நடும்போதே, தோண்டி எரிப்பதையும் குறைத்தாக வேண்டும்.