சோலைவரியும் ஒரு நூலகமும்

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அது எரிந்த இரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அது இயல்பானதே. ஆனால் எரிந்தது எது, யாருடையது என்ற கேள்விக்கு அந்த இரவு பதில் சொல்வதில்லை. அது ஒரு மாநகர சபையின் நூலகம். குப்பை அள்ளுவதும், வடிகால் வெட்டுவதும், தெருவிளக்கு ஏற்றுவதும், சந்தையையும் மடுவத்தையும் பராமரிப்பதும் எப்படி அந்தச் சபையின் கடமைகளோ, அப்படியே ஊரவருக்கு வாசிக்கப் புத்தகம் கொடுப்பதும் அதன் கடமைகளில் ஒன்றாக இருந்தது. அந்தக் கோணத்திலிருந்து இந்த வரலாற்றைச் சொல்லிப் பார்க்க விரும்புகிறேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணமும் உண்டு.

நான் சோனகத் தெருவில் பிறந்தவன். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது வாப்பா என்னைச் சைக்கிளின் முன் பாரில் இருத்தி நூலகத்துக்குக் கூட்டிச்சென்றார். சிறுவர் பகுதியில் சேர்வதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. அதில் பிணை நிற்பவரின் பெயருக்கு ஓர் இடம் இருந்தது. பிணை நிற்பவர் மாநகர எல்லைக்குள் சோலைவரி செலுத்துபவராக இருக்க வேண்டும். நமது நாட்டுப் பொது நூலகங்களில் இது பொதுவான நடைமுறைதான். வாப்பா தன் வீட்டின் சோலைவரிப் பற்றுச்சீட்டை மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். அதைக் காட்டிக் கையெழுத்திட்டார். "இது நம்மட காசில நடக்கிற இடம். சத்தம் போடாம, புத்தகத்தைக் கிழிக்காம வாசி" என்று திரும்பும் வழியில் சொன்னார். அந்த 'நம்மட' என்ற சொல்லின் பெறுமதி எனக்கு அப்போது விளங்கவில்லை.

நூலகத்தின் தொடக்கம் சபையிலிருந்து வந்ததல்ல. நீதிமன்றத்தில் சக்கடத்தாராகக் கடமையாற்றிய க. மு. செல்லப்பா என்பவர் 1933 இல் தன் வீட்டிலிருந்தே புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். அவருடைய முயற்சி ஊரின் படித்தவர்களைக் கூட்டியது. 1934 ஜூனில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் நடந்த கூட்டமொன்றில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட் 1 ஆந் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கு இருந்தவை 844 நூல்களும் முப்பதளவிலான பத்திரிகைகளும் சஞ்சிகைகளுமே.

வாடகை அறைக்கு மாதாமாதம் பணம் வேண்டும். நன்கொடை ஓராண்டு வரும், மறு ஆண்டு வராது. நல்லவர் ஒருவர் தொடங்கிய காரியம் அவருக்குப் பின்னும் நடக்க வேண்டுமானால் அது ஊரின் வரவுசெலவுக் கணக்கில் ஏற வேண்டும். செல்லப்பாவும் குழுவினரும் இதை உணர்ந்திருந்தார்கள் என்றே கருதுகிறேன். 1935 இல் அவர்கள் நூலகத்தை அப்போதைய பட்டினசபையிடம் ஒப்படைத்தார்கள். இந்த ஒப்படைப்பை நான் நூலக வரலாற்றின் மிக முக்கியமான நிகழ்வாகக் கருதுகிறேன். அன்றுவரை அது சிலருடைய தருமம். அன்றிலிருந்து அது வரி செலுத்தும் எல்லோருடைய உரிமை. தருமம் பெறுபவன் நன்றி சொல்ல வேண்டும். உரிமை உள்ளவன் படிவம் நிரப்பினால் போதும்.

பட்டினசபை 1949 இல் மாநகர சபையானது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் மேயராக இருந்த சாம் ஏ. சபாபதி நூலகத்துக்கு நிரந்தரக் கட்டடம் வேண்டுமென்ற வேலையில் இறங்கினார். சபையின் வருமானம் அதற்குப் போதாது. களியாட்ட விழா நடத்தினார்கள், அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்றார்கள், கலை நிகழ்ச்சிகள் வைத்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபர் வண. பிதா லோங் இந்த முயற்சியில் முன்னின்று உழைத்தார். இந்திய நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் வந்து ஆலோசனை வழங்கினார். புத்தகத்தை அலுமாரியில் பூட்டி வைக்கும் பழக்கத்துக்கு எதிராக வாழ்நாளெல்லாம் பேசியவர் அவர். சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் வி. எம். நரசிம்மன் திராவிடப் பாணியில் வரைபடம் அமைத்தார். 1954 மார்ச் 29 ஆந் திகதி அடிக்கல் நடப்பட்டது. 1959 ஒக்டோபர் 11 ஆந் திகதி மேயர் அல்பிரட் துரையப்பா கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

அடிக்கல்லுக்கும் திறப்பு விழாவுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் மேயர் பதவி பல கைகள் மாறியது. 1955 இல் அந்தப் பதவிக்குத் தெரிவானவர் எம். எம். சுல்தான். யாழ்ப்பாண முஸ்லிம்கள் மாநகரில் ஒரு சிறு தொகையினரே. சோனகத் தெருவையும் அதையண்டிய சில வீதிகளையும் தாண்டினால் நமது வீடுகள் அதிகமில்லை. தனித்து நின்று ஒரு மேயரைத் தெரிவுசெய்யும் பலம் அந்தச் சமூகத்துக்கு ஒருபோதும் இருக்கவில்லை. ஆகவே, மற்ற உறுப்பினர்களின் ஆதரவோடுதான் ஒரு முஸ்லிம் அந்தக் கதிரையில் அமர்ந்திருக்க முடியும். அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் வண்ணார்பண்ணையில் பிறந்தவர், இளங்கீரன் யாழ்ப்பாணத்து நாவலாசிரியர் என்று நாம் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அத்தோடு இதையும் நினைவுகூர வேண்டும். ஏனென்றால் எழுத்தாளர்கள் எந்த ஊரிலும் பிறக்கலாம். சபையின் தலைமைக் கதிரையில் அமர்வதற்கு அந்த ஊர் நம்மைத் தன்னவராக ஏற்றிருக்க வேண்டும்.

கட்டடம் எழுந்த பின் சேவைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. இரவல் கொடுக்கும் பகுதி, உசாத்துணைப் பகுதி, பத்திரிகை வாசிக்கும் கூடம், 1967 இல் சிறுவர் பகுதி, 1971 இல் கேட்போர் கூடம். ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா, முதலியார் இராசநாயகம் போன்றோரின் சேகரிப்புகளும் அங்கு வந்து சேர்ந்திருந்தன. ஆராய்ச்சியாளருக்கு அவை பொக்கிஷம். ஆனால் நான் கண்ட நூலகத்தில் பெரும்பான்மையோர் ஆராய்ச்சியாளர்கள் அல்லர். காலையில் பத்திரிகை பார்க்க வரும் ஓய்வூதியக்காரர், வேலை விளம்பரம் குறித்துக்கொள்ளும் இளைஞர், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள், சந்தைக்கு வந்த இடத்தில் சற்றுக் காற்று வாங்க நுழைபவர் என்று எல்லோரும் ஒரே மேசையில் இருந்தார்கள். மாநகர சபை தந்த சேவைகளில் சாதியும் மதமும் கேட்காத மேசை அது ஒன்றுதான் என்று சொன்னால் மிகையாகாது.

1981 ஜூன் 4 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் நடக்கவிருந்தது. மே 31 ஆந் திகதி நாச்சிமார் கோயிலடியில் நடந்த கூட்டத்தில் பொலிஸார் சுடப்பட்டதைத் தொடர்ந்து, நகருக்குக் கொண்டுவரப்பட்டிருந்த பொலிஸாரும் அவர்களோடு சேர்ந்த கும்பலும் கட்டவிழ்த்துவிடப்பட்டார்கள். சந்தைக் கடைகள், 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம், நாடாளுமன்ற உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் வீடு ஆகியன எரிக்கப்பட்டன. அந்தத் தொடரில் நூலகமும் எரிந்தது. 97,000 நூல்கள் அழிந்தன. பத்திரிசியார் கல்லூரி மாடியிலிருந்து தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர்நீத்தார்.

அன்று என் வீட்டில் நூலகப் புத்தகங்கள் இரண்டு இருந்தன. ஒன்று இயற்கணித நூல், மற்றது ஒரு சிறுகதைத் தொகுதி. திருப்பிக் கொடுக்கும் திகதி நெருங்கியிருந்தது. என்னைப்போல் இரவல் எடுத்தவர்கள் நகரெங்கும் இருந்திருப்பார்கள். பூட்டிக் காத்த அபூர்வ ஏடுகள் போயின; ஊராரை நம்பிக் கொடுத்தனுப்பிய சாதாரணப் புத்தகங்கள் மிஞ்சின. ராசா விஸ்வநாதன் மேயராக இருந்த காலத்தில் மீளமைப்பு வேலைகள் தொடங்கின. 1984 இல் ஒரு பகுதி திறக்கப்பட்டபோது அந்த இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அடுத்த ஆண்டிலிருந்து கோட்டையைச் சுற்றி மூண்ட சண்டைகளில் நூலகம் மீண்டும் சிதைந்தது. நான் ஒப்படைத்த புத்தகங்கள் என்னவாயின என்று நான் தேடவில்லை. ஆனால் கொடுத்ததற்காக வருந்தியதுமில்லை. இரவல் பொருளைத் திருப்பிக் கொடுப்பதுதானே முறை.

கட்டடம் மட்டுமல்ல, சபையும் சிதைந்துகொண்டிருந்தது என்பதை நமது வரலாற்றாசிரியர்கள் போதியளவு சொல்வதில்லை. நூலகத்தைத் திறந்துவைத்த துரையப்பா 1975 ஜூலை 27 இல் பொன்னாலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போதும் அவர் மேயர்தான். 1983 இன் பின் தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லாமற் போயிற்று. ஆணையாளர்கள் அலுவல்களைக் கொண்டுநடத்தினார்கள். 1998 ஜனவரியில் நடந்த தேர்தலின் பின் மேயரானவர் திருமதி சரோஜினி யோகேஸ்வரன். 1981 இல் எரிக்கப்பட்ட அதே வீட்டுக்காரரின் மனைவி. கணவரை 1989 இல் துப்பாக்கிக்குப் பலிகொடுத்தவர். அவர் மே 17 இல் கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன் செப்டெம்பர் 11 இல் சபைக் கட்டடத்திலேயே குண்டுவெடிப்பில் பலியானார். ஓர் ஊர் தன் தெருவிளக்கைப் பற்றிப் பேசுவதற்குத் தெரிவுசெய்தவர்கள் இப்படிச் செத்தார்கள். நூலகத்தை எரித்தவர்களும் மேயர்களைக் கொன்றவர்களும் எதிரெதிர் அணியினர். ஆனால் ஊர்மக்கள் தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்வது இரு சாராருக்கும் பொறுக்கவில்லை.

இதற்கிடையில் 1990 ஒக்டோபர் 30 வந்தது. விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைச் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். அந்த நாளைப் பற்றி நானும் பிறரும் வேறிடங்களில் எழுதியிருக்கிறோம். இங்கு ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாப்பா எடுத்துக்கொள்ள முயன்ற காகிதங்களுள் வீட்டு உறுதியும் சோலைவரிப் பற்றுச்சீட்டுகளும் இருந்தன. உறுதி கைக்கு வந்து சேரவில்லை. பற்றுச்சீட்டுகளில் சில, உம்மாவின் உடுப்புகளுக்குள் இருந்ததால் புத்தளம்வரை வந்தன. அகதி முகாமில் ஒருவர் அவற்றைப் பார்த்து, "இதை வைத்து என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டார். வாப்பா பதில் சொல்லவில்லை. ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வைத்தார். அவர் புத்தளத்திலேயே மெளத்தானார்.

1998 இல் அரசாங்கம் நூலகத்தை மீளக் கட்டத் தொடங்கியது. வேலை முடிந்து, 2003 பெப்ரவரி 14 இல் மேயர் செல்லன் கந்தையன் திறப்பதாக ஏற்பாடாகியிருந்தது. கடும் எதிர்ப்பினால் திறப்பு விழா நின்றுபோனது. சபை உறுப்பினர்கள் பதவி விலகினார்கள். அரசியலே காரணம் என்றனர் சிலர். ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் ஒருவரின் கையால் திறக்கப்படுவதைப் பொறுக்காதோரும் இருந்தனர் என்றனர் வேறு சிலர். பின்னர் நூலகம் விழாவெதுவுமின்றி வாசகருக்குத் திறந்துவிடப்பட்டது. விழா நடக்காததில் எனக்குக் குறையில்லை. பொதுச்சேவை ஒன்றுக்கு ஆரவாரத்தை விடத் தினமும் காலையில் கதவு திறக்கப்படுவதே அழகு.

2009 இல் போர் முடிந்த பின் ஓகஸ்ட்டில் மாநகர சபைத் தேர்தல் நடந்தது. முஸ்லிம் உறுப்பினர்களும் தெரிவானார்கள். திரும்பிவந்து குடியேறியவர்கள் சிலரே. எங்கள் வளவில் கூரையில்லை, கதவில்லை; சுவர்கள் மட்டும் நின்றன. நான் பிஸ்கட் தகரத்திலிருந்த பற்றுச்சீட்டுகளை எடுத்துக்கொண்டு மாநகர சபை அலுவலகத்துக்குப் போனேன். பழைய இலக்கத்தைத் தேடி, பெயர் மாற்றம் செய்து, நிலுவையைக் கட்டி முடிக்கப் பல பயணங்கள் தேவைப்பட்டன. குடியிருக்காத வீட்டுக்கு ஏன் வரி கட்டுகிறாய் என்று உறவினர்கள் சிரித்தார்கள். உறுதியின் பிரதியைப் பெறுவதை விட அந்தப் பற்றுச்சீட்டில் என் பெயர் வருவது எனக்கு முக்கியமாகப்பட்டது. உறுதி, நிலம் என்னுடையது என்று மட்டுமே சொல்லும். வரிச்சீட்டு, இந்த ஊரின் விளக்கிலும் வடிகாலிலும் நூலகத்திலும் எனக்குப் பங்குண்டு என்று சொல்லும்.

இன்று நூலகம் வெள்ளை வெளேரென்று நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். எரிந்த வரலாற்றைக் கேட்டு உச்சுக்கொட்டிவிட்டுப் போகிறார்கள். நினைவுச்சின்னமாக அதைப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அது நினைவுச்சின்னமாக மட்டும் ஆகிவிட்டால், எரித்தவர்கள் பாதி வென்றவர்களாவார்கள் என்று நினைக்கிறேன். அது யாருடையது என்ற கேள்விக்குப் பதில், உள்ளே பத்திரிகை வாசிக்கும் கூட்டத்திலும், இரவல் அட்டைகளிலும், சபையின் வரவுசெலவுத் திட்டத்தில் புத்தகத்துக்கு ஒதுக்கும் தொகையிலும் இருக்கிறது. வாக்காளர்கள் மேயரிடம் கேட்க வேண்டிய கணக்கு அதுவே. நமது எழுத்தாளர்களும் தத்தமது ஊர்ச் சபைகளிடம் இதே கணக்கைக் கேட்கலாம். நூலகத்துக்கு இவ்வருடம் எத்தனை புத்தகம் வாங்கினீர்கள் என்ற கேள்வி ஒரு கவிதைக்குக் குறைந்ததல்ல.

சோனகத் தெருவில் மீளக்குடியேறிய என் தங்கையின் பேத்திக்கு எட்டு வயது. சென்ற முறை போயிருந்தபோது அவளை நூலகத்துக்குக் கூட்டிச்சென்றேன். படிவம் மாறியிருந்தது. பிணையாளர் பகுதி மட்டும் மாறவில்லை. சட்டைப் பையிலிருந்து பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டிவிட்டுக் கையெழுத்திட்டேன்.