திராட்சை இரசமும் தென்பாண்டி நாடும்

கானாவூர்த் திருமண வீட்டில் இரசம் தீர்ந்துபோனதை நற்செய்தியில் வாசிக்கக் கேட்கும்போது, நம் மக்களுள் சிலர் தமக்குள் புன்னகைத்துக்கொள்வது வழக்கம். அண்மைக் காலத்தில் அப்புன்னகை வினாவாகவே வெளிப்படுகிறது. பெங்களூரிலும் அயல்நாடுகளிலும் பணியாற்றும் நம் இளைஞர்கள் விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது, ஒயின் என்பது சாராயம் அன்று, உணவோடு சிறிது அருந்துவதில் பிழை என்ன, ஆண்டவரே அருந்தினார் அல்லவா என்று கேட்கின்றனர். அதே தெருவில், குடியினால் கணவனை இழந்த தாய்மாரோ, பீடத்திலேயே இரசம் இருக்க, எங்கள் பிள்ளைகளை என்ன சொல்லித் தடுப்பது சாமி என்று கேட்கின்றனர்.

இரண்டும் நேர்மையான வினாக்கள். விடை கூறுமுன், இந்த இரசம் நம் தென்பாண்டி நாட்டிற்கு எவ்வாறு வந்தது, யார் யார் கையில் எவ்வாறு இருந்தது என்பதைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

யவனர் தந்த தேறல்

திராட்சை இரசம் நம் நாட்டிற்குக் கிறித்தவத்தோடு வந்தது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. புறநானூற்றின் 56ஆம் பாடலில் நக்கீரர், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் என்னும் பாண்டியனை வாழ்த்துகிறார். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமிக்க தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர, அரசன் அருந்தி மகிழ வேண்டும் என்பது அவ்வாழ்த்து.

புலவர் பாடியதை மண்ணும் உறுதிப்படுத்தியது. புதுச்சேரிக்கு அருகில் அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, இரு கைப்பிடியும் கூரிய அடியும் கொண்ட ஆம்போரா என்னும் சாடிகளின் உடைந்த துண்டுகள் வெளிப்பட்டன. பின்னர் வைகை ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள அழகன்குளத்திலும், 2007 முதல் கேரளத்தின் பட்டணத்திலும் இத்தகைய துண்டுகள் கிடைத்தன. அரிக்கமேட்டுச் சாடிகளுள் கிரேக்கத் தீவாகிய கோஸின் வகையைச் சேர்ந்தவை பல. இத்தாலியச் சாடிகளுள் பெருவழக்காக இருந்த ஒரு வகை ஏறத்தாழ 26 லிட்டர் கொள்ளும். இரசம் கசியாதிருக்க அவற்றின் உட்புறத்தில் மரப்பிசினைக் காய்ச்சிப் பூசுவர்.

கோஸ் தீவினர் தம் இரசத்தில் கடல்நீரைக் கலப்பது உண்டு என்று உரோமானிய ஆசிரியர் குறித்துள்ளனர். ஆகவே அரசர் அவைகளை அடைந்த யவனத் தேறல், இன்று நாம் அறிந்த இனிப்பு இரசம் போன்றதாக இருந்திராது. சற்றே உவர்ப்பும், பிசின் மணமும், துவர்ப்பும் கலந்த சுவையாகவே இருந்திருக்கும். கிரேக்கரும் உரோமையரும் அதனை நீர் கலவாமல் அருந்துவதை நாகரிகக் குறைவாகக் கருதினர் என்பதையும் நினைவிற்கொள்வோம்.

இந்த இரசத்திற்கு மாற்றாக மிளகும் முத்தும் மெல்லிய துணியும் மேற்கே சென்றன. இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தர்சு நாணயங்களை உரோமைப் பேரரசினின்று ஈர்த்துக்கொள்கிறது என்று முதல் நூற்றாண்டில் மூத்த பிளினி வருந்தி எழுதினார். நம் நாட்டில் திராட்சை இரசத்தின் முதல் வரலாறு இதுவே. அது கடல் கடந்து வந்த அரும்பொருள். அரண்மனை வரையில் சென்றது. உழவன் குடிசையை எட்டவில்லை. உழவனுக்குப் பனையின் கள் இருந்தது. அக்கள்ளினால் நேர்ந்த கேட்டைக் கண்டே திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரத்தைத் தனியே வகுத்தார்.

குடிப்பவன் சொல் ஏறாத நாடு

யவனர் வணிகம் தேய்ந்து பல நூற்றாண்டுகள் கடந்தபின், 1290களில் வெனிசு நகரத்து மார்க்கோ போலோ பாண்டியரின் கடற்கரைக்கு வந்தார். அந்நாட்டினர் மது அருந்துவதை வெறுக்கின்றனர் என்றும், மது அருந்துபவனைப் பிணையாக ஏற்பதில்லை என்றும் அவர் குறித்துள்ளார். கடலோடியையும் அவ்வாறே ஏற்பதில்லையாம். மக்கள் கலத்தை உதட்டில் வைக்காமல் உயர்த்திப் பிடித்து வாயில் ஊற்றிக்கொள்வதையும் அவர் வியந்து எழுதினார். நம் பாட்டிமார் அண்ணாந்து குடி என்று அதட்டியதன் பழமை இவ்வளவு!

நாடு முழுவதும் மது இல்லாதிருந்தது என்று இதற்குப் பொருளன்று. வழிப்போக்கர் ஒருவர் கண்டதும் கேட்டதும் இது. எனினும் மதிப்புடைய மனிதன் குடிக்கமாட்டான் என்ற எண்ணம் நம் மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதை இது காட்டுகிறது. இந்த எண்ணம் வேரூன்றிய நிலத்தில்தான் பின்னர் நற்செய்தி விதைக்கப்பட்டது.

பரங்கியின் குடியும் துறவியின் கிண்ணமும்

திருப்பலிக்கு இரசம் வேண்டும். நம் நாட்டிலோ கொடிமுந்திரி அரிது. (திராட்சையைப் பழந்தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் கொடிமுந்திரி என்றும் முந்திரிகை என்றும் வழங்கும்.) மலையாளக் கரையின் தோமையார் வழிக் கிறித்தவர்கள் உலர்ந்த திராட்சையை நீரில் ஊறவைத்துப் பிழிந்து திருப்பலிக்குப் பயன்படுத்திவந்தனர். 1599இல் பேராயர் மெனேசிசு கூட்டிய உதயம்பேரூர்ச் சங்கம் போர்த்துக்கல் நாட்டு இரசத்தையே பயன்படுத்துமாறு பணித்தது. ஆயினும் உலர்திராட்சை இரசத்தை உரோமை முற்றிலும் தள்ளிவிடவில்லை. நிறத்தாலும் சுவையாலும் அது உண்மையான இரசம் என்று அறியப்படுமாயின் பயன்படுத்தலாம் என்று 1706இல் திருப்பேராயம் விடை தந்தது. கொடிமுந்திரி விளையாத நாடுகளின் இடர்ப்பாட்டைத் தாய்த் திருச்சபை உணர்ந்திருந்தது.

இதனினும் பெரிய இடர்ப்பாடு ஒன்று பாண்டி நாட்டில் காத்திருந்தது. போர்த்துக்கீசியரை மக்கள் பரங்கியர் என்றனர். மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர் என்பதே அச்சொல்லோடு ஒட்டியிருந்த பொருள். அவர்களது மறையும் அத்தகையதே என்று மதுரை மக்கள் முடிவு கட்டினர். 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி இதனை விரைவில் உணர்ந்தார். இத்தாலிய உயர்குடியில் பிறந்த அவருக்கு உணவு மேசையில் இரசம் இருப்பது பிறந்த நாள் தொட்டே இயல்பு. அவர் அதனை விட்டார். இறைச்சியையும் விட்டார். காவி உடுத்து, ஒருவேளைச் சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தார். அவரது முறையைக் குறித்து எழுந்த வழக்கு உரோமை வரை சென்று, 1623இல் பதினைந்தாம் கிரகோரியின் ஆணையால் அவருக்குச் சார்பாக முடிந்தது.

நம் வரலாற்றின் திருப்பம் இங்கே இருக்கிறது. உணவு மேசையில் இரசத்தைத் துறந்தவர், பீடத்தில் அதனைத் துறக்கவில்லை. மேசையில் அருந்துவது அவரது உரிமை. அந்த உரிமையைப் பிறர்பொருட்டு விட்டார். பீடத்தில் அருந்துவது ஆண்டவரின் கட்டளை. அதனை எவர்பொருட்டும் விடவில்லை. இவ்வேறுபாட்டை அறிந்தோர்க்கு, நம் தாய்மாரின் வினாவிற்குப் பாதி விடை கிடைத்துவிட்டது.

நாவே சான்று

குருக்களாகிய நாங்கள் நாள்தோறும் இரசம் சுவைப்பவர்கள். மறையுரையில் இதனை யாரும் சொல்வதில்லை. ஆனால் இரசத்தைச் சுவைத்தறிவது எங்கள் கடமையும் ஆகும். 1439இல் புளோரன்சு பொதுச்சங்கம், கோதுமை அப்பமும், சிறிது நீர் கலந்த திராட்சை இரசமும் நற்கருணைக்கு உரியவை என்று வரையறுத்தது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் பிரிவு, இரசம் திராட்சைக் கனியினின்று இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. காற்றுப்பட்ட இரசத்தில் நுண்ணுயிர்கள் புகுந்து அதன் சாராயச் சத்தைப் புளிப்பாக மாற்றுகின்றன, இரசம் காடியாகிவிடுகிறது. காடியைக் கொண்டு திருப்பலி நிறைவேற்ற இயலாது. சித்திரை வெயிலில் வத்திராயிருப்புப் பக்கம் திறந்த புட்டியொன்று சில நாள்களிலேயே மூக்கைச் சுளிக்கவைக்கும். முதலில் மணம், பின்னர் நா நுனியில் ஒரு துளி, அதன்பின் துணிவு!

திருப்பலி இரசம் ஏன் இவ்வளவு இனிப்பு என்று உதவிப் பையன்கள் எங்களைக் கேட்பதுண்டு. இதற்கும் வரலாறு உண்டு. நெடும்பயணத்திலும் வெப்பத்திலும் கெடாதிருக்க, திராட்சையிலிருந்தே வடித்த சாராயத்தைச் சிறிது சேர்க்கலாம் என்று திருச்சபை இசைந்தது. இனிப்பு மிக்க இரசங்களில் மொத்தம் 18 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பது 1896இன் வரையறை. வெப்ப நாடுகளின் திருப்பலி இரசம் இனிப்பும் வலிமையும் மிக்கதாக இருப்பதற்கு இது ஒரு காரணம். உணவோடு அருந்தும் மேலைநாட்டு இரசத்தை முதன்முறை சுவைக்கும் நம்மவர், இனிப்பை எதிர்பார்த்துத் துவர்ப்பும் புளிப்பும் கண்டு திகைப்பது இதனால்தான்.

நாட்டின் சட்டமும் இதற்கு இடம் வைத்தது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் மீண்டு, பின்னரும் தளர்ந்தது. இந்த ஏற்ற இறக்கங்களுக்கு இடையே, திருப்பலி இரசத்திற்கென்றே தமிழக அரசு 1984இல் தனி விதிகளை வகுத்தது. 2003 முதல் டாஸ்மாக் நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்திவருகிறது.

மலைக்கு அப்பால்

மருதநாயகம் என்று மக்கள் பாடும் கான்சாகிபின் பெயரை நினைவூட்டும் ஊர் நம் கான்சாபுரம். அதன் வயல்வரப்பில் நின்று மேற்கே நோக்கினால் மலை தெரியும். மலைக்கு அப்பால் வருசநாடு. அதனையும் கடந்தால் கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் நிறைவுற்ற பெரியாற்று அணையின் நீர் பாயும் அப்பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை விளைகிறது. ஆண்டின் எம்மாதத்திலும் ஏதேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடப்பது அதன் சிறப்பு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவரே இத்திராட்சையைத் தமிழகத்திற்குக் கொண்டுவந்தார் என்ற செய்தியும் அப்போது பரவலாக எடுத்துரைக்கப்பட்டது. அறிவியலார் மஸ்கட் ஹாம்பர்க் என்று குறிக்கும் இவ்வகை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் அறிமுகமானது என்பதால், அந்த ஆண்டை அப்படியே ஏற்பது கடினம். ஆயினும் கொடியையும் குருவையும் மக்களின் நினைவு இணைத்தே வைத்திருக்கிறது.

திருவில்லிபுத்தூர்க் கடைவீதியில் தள்ளுவண்டியில் குவிந்திருக்கும் அக்கனிகளை நம் பிள்ளைகள் பழமாகவே அறிவர். யவனர் சாடியில் வந்த அரும்பொருள், இன்று கூலியாளின் குழந்தையும் சுவைக்கும் கனியாகிவிட்டது. அரசனின் பொற்கிண்ணத்தைவிட இது நமக்கு உவப்பானது.

அளவும் அயலானும்

இனி நம் இளைஞரின் வினாவிற்கு வருவோம். மறைநூல் இரசத்தைப் பழிக்கவில்லை. அளவோடு அருந்துவோர்க்கு அது வாழ்வு என்று சீராக்கின் ஞானம் உரைக்கிறது. வயிற்றின் நலத்திற்காகச் சிறிது அருந்துமாறு பவுலடியார் திமொத்தேயுவிற்கு எழுதினார். எனவே இரசம் பாவம் என்று நாம் கூறோம். ஆனால் அதே பவுலடியார் கொரிந்து நகரத்தாரைக் கடிந்துகொண்டதையும் வாசிக்க வேண்டும். ஆண்டவரின் விருந்தில் ஒருவர் பசித்திருக்க, மற்றவர் குடிமயக்கத்தில் இருந்ததே அவர் கண்ட குற்றம். சகோதரன் இடறி விழுவதற்குக் காரணமாயின் இரசத்தையும் விட்டுவிடுவது நல்லது என்று உரோமையருக்கு அவர் எழுதியதையே, தெ நோபிலி மதுரையில் வாழ்ந்து காட்டினார்.

எனவே, எவ்வளவு அருந்தலாம் என்பதோடு, யார் முன்னிலையில் அருந்துகிறோம் என்பதையும் எண்ண வேண்டும். அயல்நாட்டு உணவு மேசையில் ஒரு கிண்ணம் இரசம் யாரையும் காயப்படுத்தாமல் இருக்கலாம். கூலி முழுவதும் கடையில் கரைந்து அடுப்பு எரியாத வீட்டிற்கு அடுத்த வீட்டில், அதே கிண்ணம் வேறு பொருள் தரும். காலையில் கிண்ணத்தை உயர்த்தும் கைகளே, மாலையில் குடியால் மாண்ட ஒருவரின் கல்லறைக் குழியில் மண் இடுகின்றன. இந்த இரண்டையும் ஒரே நாளில் செய்யும் எங்களுக்கு இரசத்தைப் பற்றி இலேசாகப் பேச இயலவில்லை.

தாய்மாருக்கு நாம் சொல்வது இது: பீடத்தின் கிண்ணத்தில் இருப்பது ஒரு மிடறு. அதனில் நீர் கலக்கிறது. அதனைத் தனியே எவரும் தமக்கென்று வாங்கிக் குடிப்பதில்லை. அது பிறருக்காகச் சிந்தப்பட்ட குருதியின் நினைவு. பிள்ளைகள் கேட்டால், அக்கிண்ணம் கொடுப்பதற்காக ஏந்தப்படுவது என்றும், கடையின் குவளை வீட்டினின்று எடுத்துக்கொள்வது என்றும் கூறுங்கள். நம் குழந்தைகள் அறிவுடையவர்கள், புரிந்துகொள்வர்.