பறவையின் கண்ணைத் தேடிய லோக் வான் தோ



லோக் வான் தோவைக் கத்தே திரையரங்குகளின் அதிபராக அறிந்தோர் பலர். 1915இல் கோலாலம்பூரில் செல்வர் லோக் இயூவின் மகனாகப் பிறந்த அவர், பறவைகளை மிக அருகிலிருந்து படமெடுப்பதில் தேர்ந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1942இல் சிங்கப்பூரைவிட்டு அவர் தப்பிச் சென்ற கப்பல் சப்பானியரின் குண்டுவீச்சுக்கு இலக்கானது. தீக்காயமுற்றார், சிறிது காலம் பார்வையும் மறைந்தது. பார்வை மீண்டு இந்தியா சேர்ந்தவர், பறவையியல் அறிஞர் சலீம் அலியின் நண்பரானார். கண்ணை இழக்கவிருந்தவர் கண்ணையே நம்பும் கலையில் ஆழ்ந்ததை என்னென்பது!

இன்றைய கேமராக்கள் பலவும் பறவையின் கண்ணைத் தாமே கண்டு குவியப்படுத்துகின்றன. அன்று அவ்வாறன்று. படச்சுருளின் ஒளியுணர்வு குறைவு. தொலைவிலிருந்து எடுத்தாலோ பறவை வெறும் புள்ளி. ஆகவே கூட்டிற்குச் சற்றுத் தள்ளி மறைவுக் கூடாரம் அமைத்து, அதனைச் சிறிது சிறிதாக அருகே நகர்த்திப் பறவையைப் பழக்குவர். அது வழக்கமாக வந்தமரும் இடத்தில் முன்னரே குவியத்தைப் பொருத்திவிட்டுக் காத்திருப்பர். தலை அசையாத அந்த நொடி வாய்த்தால் இறகின் இழையும் தெளிவாக விழும். உயரத்திலிருந்த வெண்வயிற்றுக் கடற்கழுகின் கூட்டிற்காக லோக் ஒரு கோபுரத்தையே எழுப்பினார். அதற்குச் செல்வம் உதவியது. புழுக்கத்தில் மணிக்கணக்காக அமர்ந்திருக்க அஃது உதவியிராது. (கூட்டருகே படமெடுத்தல் குஞ்சுகளுக்குத் தீங்காகலாம் என்பதால் இன்று அது வரவேற்கப்படுவதில்லை. மாணவர்களிடம் இதனையும் சொல்லிவிடுங்கள்.)

அவருடைய 'எ கம்பெனி ஆஃப் பேர்ட்ஸ்' நூல் 1957இல் வெளிவந்தது. 1964 ஜூன் 20ஆம் நாள் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் மனைவியுடன் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 49.