ஆச்சி சொல்லாத வெள்ளை

1586இல் எங்கள் புன்னைக்காயலில் அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சானது. அதை ஊரே பெருமையாகச் சொல்லும். அதே ஊரில் என் ஆச்சி, தனக்கு வெள்ளைப்படுவதை அம்மாவிடம் மட்டும், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார். 'உடம்புச் சூடு' என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்தார். வாடையடித்தபோது அசுத்தம் என்று நினைத்து, சோப்புப் போட்டு உள்ளே கழுவினார்.

யோனியில் இயல்பாகவே வாழும் பாக்டீரியாக்களை ஜெர்மன் மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892இலேயே விவரித்திருந்தார். லாக்டோபாசில்லஸ் என்று இன்று அறியப்படும் அவை, லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி நோய்க்கிருமிகளை அண்டவிடாமல் காக்கின்றன. அவை குறைந்து வேறு பாக்டீரியாக்கள் பெருகும்போதுதான் மீன்வாடை வருகிறது. உள்ளே கழுவுவது அந்தக் காவலையே குலைக்கும்.

ஆச்சியைப் போன்ற பெண்களை யார் கேட்டார்கள்? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர் ராணி பாங்கின் குழு கேட்டது. இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989இல் 'லான்செட்' இதழில் எழுதியது. 92 சதவீதம் பேருக்கு மகளிர் நோய் ஏதேனும் இருந்தது. அதற்குமுன் அதற்கான பரிசோதனை செய்துகொண்டவர்களோ 8 சதவீதம்தான்.

வெள்ளை எல்லாம் நோயல்ல. நிறமோ வாடையோ மாறினால், அரிப்போ எரிச்சலோ இருந்தால், அது சூடுமல்ல, அசுத்தமுமல்ல. மருத்துவம் பார்க்க வேண்டிய ஒன்று. என் மகளிடம் இதைக் கதவைத் திறந்துவைத்தே சொல்கிறேன்.